மஸ்டா எம்.எக்ஸ்.-5: இங்கிலாந்தில் வாங்கி, ஸ்கொட்லாந்தில் ஓட்டிவிட்டுத் தலவாக்கலைக்குக் கொண்டுவர முடியுமா?

தலவாக்கலையான்:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த நான், இப்போது மனைவியோடு இங்கிலாந்தில் வேலை செய்துவருகிறேன். அடுத்த ஆண்டு வேலை ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிடுவதென்று இருவரும் முடிவெடுத்திருக்கிறோம். திரும்பும்போது ஒரு மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரையும் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த ஆசையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

என் திட்டம் இதுதான். இங்கே இரண்டு வயதான கார் ஒன்றை ஏறத்தாழ 22,000 பவுணுக்கு வாங்கி, வேலையை விட்ட பிறகு சில வாரங்கள் ஸ்கொட்லாந்தின் மலைப்பாதைகளில் இருவருமாக ஓட்டித் திரிந்துவிட்டு, நேரே துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றிவிட வேண்டும். இங்கே பரீட்சை எழுதிப் பெற்ற பிரித்தானிய சாரதி அனுமதிப்பத்திரம் என்னிடம் இருப்பதால் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டிருப்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். நான் ஓட்டிப் பழகிய காரை என் பெயரிலேயே கொண்டுவர முடியுமா, 1.5 லீற்றர் எஞ்சினை எடுப்பதா 2.0 லீற்றரை எடுப்பதா, வரி எவ்வளவு வரும், எல்லாம் முடிந்து வந்து சேர்ந்தாலும் எங்கள் பாதைகளுக்கு அது ஒத்துவருமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். வீட்டுத் தேவைக்கு அப்பாவின் வான் இருக்கிறது. இரண்டே பேர் அமரக்கூடிய கார் எதற்கு என்ற கேள்வியை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

கம்பளை கிளியரிங்:

துறைமுகத்தில் இருந்து வாகனங்களை விடுவித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி இங்கிலாந்தில் வாங்க நினைப்பது ஒரு வகையில் வசதிதான், ஏனென்றால் அந்த நாட்டுக் காருக்கும் நம் நாட்டுக் காரைப் போலவே ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. ஜேர்மனியில் வாங்கி அல்ப்ஸ் மலையில் ஓட்டிவிட்டு அனுப்பலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இடப்பக்க ஸ்டியரிங் உள்ள தனியார் காருக்கு இங்கே இடமில்லை என்பதைத்தான்.

உங்கள் திட்டத்தைத் தீர்மானிக்கப்போவது வாகனத்தின் வயது. பாவித்த கார் என்றால், உற்பத்தித் திகதியில் இருந்து கப்பலேற்றும் திகதி வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பிரித்தானியாவின் பதிவுப் புத்தகத்தில் நீங்கள் பார்ப்பது முதற்பதிவுத் திகதி. அது உற்பத்தித் திகதி அன்று. எம்.எக்ஸ்.-5 ஹிரோஷிமாவில் தயாராகி, கப்பலில் பல வாரங்கள் பயணம் செய்து இங்கிலாந்தை அடைந்து, விற்பனையாளரின் முற்றத்தில் சில மாதங்கள் நின்ற பிறகே பதிவாகியிருக்கும். காகிதத்தில் இரண்டு வயதாகத் தெரியும் கார் உண்மையில் இரண்டரை வயதைத் தாண்டியிருக்கலாம். அதை வாங்கி, ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்து, ஸ்கொட்லாந்தையும் சுற்றிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனால், எல்லை கடந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கும். ஆகையால் வாங்குவதற்கு முன்பே அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து உற்பத்தி மாதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரிக்கு வருவோம். 2025 ஆரம்பத்தில் வெளியான விகிதங்களின்படி சுங்கத் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் மீது 50 சதவீத மிகைவரி. இரண்டும் சேர்ந்தால் வாகனத்தின் பெறுமதியில் 30 சதவீதம். உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. பெற்றோல் எஞ்சினுக்கு 1,300 முதல் 1,500 சிசி வரை ஒரு சிசிக்கு 4,450 ரூபாய். 1,800 முதல் 2,000 சிசி வரை ஒரு சிசிக்கு 7,700 ரூபாய். உங்கள் 1.5 லீற்றர் எஞ்சின் 1,496 சிசி என்பதால் 66 இலட்சத்து 57 ஆயிரம் ரூபாய் வரும். 2.0 லீற்றர் எஞ்சின் 1,998 சிசி. அதற்கு 1 கோடியே 53 இலட்சத்துக்கு மேல். எதை எடுப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. இதற்கும் மேலாக, பெற்றோல் காரின் பெறுமதி 50 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகை முழுவதற்கும் சமமான இன்னொரு தொகையைச் சொகுசு வரியாகச் செலுத்த வேண்டும். கடைசியாக 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. அது தீர்வையையும் உற்பத்தி வரியையும் சேர்த்துக் கணிக்கப்படும்.

கார், கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்து பவுணுக்கு 400 ரூபாய் வீதம் ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். தீர்வையும் மிகைவரியும் 30 இலட்சம், உற்பத்தி வரி ஏறத்தாழ 67 இலட்சம், சொகுசு வரி 50 இலட்சம், பெறுமதி சேர் வரி 37 இலட்சம் அளவில். ஆக, கார் உங்கள் வாசலுக்கு வரும்போது 2 கோடியே 80 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். நீங்கள் காட்டும் பற்றுச்சீட்டின் விலையைச் சுங்கம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். வரி அவர்கள் ஏற்கும் பெறுமதிக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாகன இறக்குமதி என்பது இங்குள்ள வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.), அதாவது விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி, திறந்து செய்யப்படும் காரியம். நீங்களோ அங்கேயே பணம் கொடுத்து, உங்கள் பெயரில் பதிந்து, ஓட்டிவிட்டு அனுப்பப் பார்க்கிறீர்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றால் நாணயக் கடிதம் யாருக்குத் திறப்பது? இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஒரு பவுண் கூடக் கொடுக்க வேண்டாம். உங்கள் நிலைமையை முழுவதுமாக விவரித்து இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதிலைத் துறைமுகத்தில் காட்ட முடியாது.

பண்டாரவளை ரோட்ஸ்டர்:

கம்பளை அண்ணனின் கணக்கைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நான் ஜப்பானில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பியவன். இந்தக் காரை அங்கே ரோட்ஸ்டர் என்று விற்கிறார்கள். துணிக்கூரை உள்ள வழக்கமான ரோட்ஸ்டருக்கு 1.5 லீற்றர் எஞ்சின்தான். ஆரம்ப ரகத்தின் விலை உள்நாட்டு வரியோடு 30 இலட்சம் யெனுக்குச் சற்றுக் குறைவு. ஏற்றுமதியாகும்போது அந்த 10 சதவீத நுகர்வு வரி நீங்கிவிடும். யெனுக்கு 2 ரூபாய் என்று கொண்டால், கப்பல் கூலியோடு 60 இலட்சத்துக்குள் அடக்கலாம். அப்போது சொகுசு வரி 50 இலட்சம் அன்று, 10 இலட்சம்தான். மற்ற வரிகளையும் அதே முறையில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 1 கோடியே 80 இலட்சத்தை ஒட்டித்தான் நிற்கும். அதே தொழிற்சாலையில் அதே கைகள் பூட்டிய காருக்கு ஒரு கோடி ரூபாய் வித்தியாசம். இங்கிலாந்துக் கார் ஒருமுறை நம் தெவிநுவரைக்குத் தெற்கே கடலில் கடந்து போய், மறுபடி இவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் 'ஓட்டிவிட்டு அனுப்புவது' என்ற பகுதி ஜப்பானில் நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் போனவர் அங்கே சாதாரணக் காரைத் தன் பெயரில் பதிய முடியாது. பதிவுக்கு வதிவிடப் பதிவு, அதனோடு இணைந்த முத்திரைச் சான்றிதழ், கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று பொலிஸ் கொடுக்கும் அத்தாட்சி எல்லாம் வேண்டும். கார் நிறுத்த இடம் இல்லாதவனுக்குக் கார் இல்லை என்ற அந்தச் சட்டத்தை நம் கண்டி நகரத்திலும் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தற்காலிக இலக்கத்தகடு என்று ஒன்று இருக்கிறது. அதன் ஆயுள் அதிகபட்சம் ஐந்து நாட்கள். அதுவும் பரிசோதனைக்கோ பதிவுக்கோ கொண்டுபோவதற்கு, குறிப்பிட்ட வழியில் மட்டும். ஊர் சுற்ற அன்று.

எனவே நான் சொல்லும் வழி வேறு. காரை முகவர் மூலம் ஜப்பானில் இருந்து நேரே இறக்குங்கள். ஓட்டும் ஆசைக்கு, ஜப்பானுக்கு ஒரு பயணம் போய் அதே காரை வாடகைக்கு எடுங்கள். நம் நாடு 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இருப்பதால், இலங்கை மோட்டார்ச் சங்கம் வழங்கும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் அங்கே செல்லும். அவர்களும் நம்மைப் போல இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள். கியூஷுவில் பெப்புவில் இருந்து அசோ எரிமலை வரை போகும் யமனாமி நெடுஞ்சாலையும், நிக்கோவில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று 48 வளைவுகள் கொண்ட இரோஹாசக்காவும் இந்தக் காருக்கென்றே வெட்டியவை போல இருக்கும்.

தலவாக்கலையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு கோடி வித்தியாசம் என்பது தலையைச் சுற்றவைக்கிறது. ஆயினும் வாடகைக் காரை ஓட்டுவதையும், நாளை நம் வீட்டு வாசலில் நிற்கப்போகும் அதே காரை ஓட்டுவதையும் என்னால் ஒன்றாக எண்ண முடியவில்லை. இந்தப் பிடிவாதத்துக்கு நியாயம் இல்லை என்பது தெரியும். 2.0 லீற்றர் எண்ணத்தை மட்டும் இன்றோடு கைவிட்டுவிட்டேன்.

ஹட்டன் கராஜ்:

தம்பி, பாதையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1.5 எடுப்பதில் கவலை வேண்டாம். அங்கே 132 குதிரை வலு என்று எழுதியிருப்பதை நுவரெலியாவில் எதிர்பார்க்கவும் வேண்டாம். நகரம் கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் குடிக்கும் காற்று குறைந்தால் வலுவும் அதே அளவுக்குக் குறையும், 110 அளவில் நிற்கும். ஆனால் கார் ஆயிரம் கிலோவை ஒட்டிய எடைதான். கினிகத்தேனை வளைவுகளிலும் றம்பொடை ஏற்றத்திலும் முன்னால் ஒரு லொறியோ இ.போ.ச. பஸ்ஸோ இல்லாத பொழுது கிடைத்தால், அந்த 110 தாராளமாகப் போதும். அப்படிப்பட்ட பொழுது கிடைப்பதுதான் அரிது. விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 13க்கு 1. ஆகையால் கொழும்புப் பக்கம் இறங்கும்போது 95 ஒக்டேன் பெற்றோலையே ஊற்றுங்கள். மலையில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் தட்டுவது குறைவு. 95 கிடைக்காத நாளில் 92ஐ ஊற்றி மெதுவாக வீடு வந்து சேரலாம்.

எனக்குக் கவலை தருவது காரின் அடிப்பகுதியும் டயரும். பிரதான வீதிகளில் ஒன்றும் ஆகாது. தோட்டத்துப் பாதை அப்படியன்று. கல் பதித்த பாதையின் நடுவில் மேடு எழுந்து, இரு பக்கமும் லொறிச் சக்கரம் தோண்டிய பள்ளம் இருந்தால், இந்தக் கார் அடி தட்டாமல் போகாது. உங்கள் வீடு பிரதான வீதியில் இருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை ஒருமுறை நடந்தே பார்த்து, கையால் அளந்துகொள்ளுங்கள். மேலே காரை விட இடமில்லை என்றால், சந்தியில் தெரிந்தவர் வீட்டில் ஒரு கொட்டகை போட வேண்டியிருக்கும். மேலும் இந்தக் காரில் மேலதிகச் சக்கரம் கிடையாது. பசையும் காற்றடிக்கும் கருவியும் மட்டும்தான் தருகிறார்கள். ஆணி குத்தினால் அது போதும். கல் பட்டு டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசையால் ஒரு பயனும் இல்லை. 195/50 ஆர் 16 அளவு டயரைக் கொழும்பில் தேடிப் பிடிக்கலாம், ஆனால் மழை நாளில் நடு வழியில் நிற்கும்போது கொழும்பு வெகுதூரம். ஒரு சக்கரத்தை டயரோடு சேர்த்து வாங்கி வீட்டில் வைத்திருங்கள். பிரேக் பலகைகள், வடிகட்டிகள், துணிக்கூரையின் றப்பர் விளிம்புகள் இவற்றையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள்.

கூரையைத் திறந்து ஓட்ட, மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்து வானம் விடாது. அந்த மாதங்களில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மழை. வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வெயில். மலையைக் கடந்து ஊவாவுக்குப் போய்விட்டால் போதும்.

அபர்டீன்வாழ் டிக்கோயாக்காரி:

தம்பிக்கு எல்லோரும் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். நான் பாதையைச் சொல்கிறேன். டிக்கோயாவில் பிறந்து இப்போது அபர்டீனில் இருக்கும் எனக்கு, இங்கே காரோட்டுவது என்பது நம் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை மறுபடியும் வாசித்துக்கொண்டு போவதுதான். பேர்த்தில் இருந்து வடக்கே புறப்பட்டால் முதலில் வருவது டன்கெல்ட். எங்கள் டிக்கோயாவில் இருக்கும் அதே டன்கெல்ட். அங்கிருந்து பிளேர்கவ்ரி போய் ஏ93 வீதியைப் பிடியுங்கள். கிளென்ஷீ வழியாகக் கெயர்ன்வெல் கணவாயில் ஏறும்போது நீங்கள் பிரித்தானியாவின் மிக உயரமான பிரதான வீதியில் இருப்பீர்கள். உயரம் 670 மீற்றர்! நம்மவருக்கு அது கம்பளையைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினாலே வரும் உயரம். இந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் கூட 1,345 மீற்றர்தான்; நுவரெலியா மார்க்கெட்டில் கரட் விற்பவர் அதற்கு 500 மீற்றர் மேலே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் உயரத்தை வைத்து இந்தப் பாதைகளை எடைபோட வேண்டாம். மரமே இல்லாத வெறும் மலைகளுக்கு நடுவில், அடுத்த மூன்று வளைவுகளும் கண்ணுக்குத் தெரியும்படி பாதை விரிந்து கிடக்கும். நம் ஊரில் தேயிலைச் செடியும் சவுக்கும் மறைக்காத வளைவு ஏது?

பிரேமார், பல்மோரல் கடந்து, வடக்கே திரும்பி லெக்ட் கணவாய் வழியாக ஸ்ட்ராத்ஸ்பே பள்ளத்தாக்கில் இறங்கி இன்வர்னஸ் போய்ச் சேருங்கள். அக்கரப்பத்தனையில் பல்மோரலும் அப்கொட்டில் ஸ்ட்ராத்ஸ்பேயும் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு நாள் ஓட்டத்தில் பாதி மலையகமே வந்துபோகும். இன்வர்னஸில் இருந்துதான் வடகரையைச் சுற்றிவரும் 516 மைல் வட்டப்பாதை தொடங்குகிறது. அதை மேற்குப் பக்கமாகத் தொடங்கினால், அப்பிள்குரொஸ் போகும் பியலக் நா பா ஏற்றம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். கடல் மட்டத்தில் இருந்து 626 மீற்றருக்கு ஒரே மூச்சில் ஏறும் ஒற்றைத்தடப் பாதை அது. பழகாத சாரதிகளும் பெரிய வாகனங்களும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை நட்டிருப்பார்கள். தோட்டப் பாதையில் ஓட்டக் கற்றவர்களுக்கு அது பழக்கப்பட்ட இடந்தான். ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும், ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் பிடிக்கக் கூடாது, பின்னால் வேகமாக வருபவர் இருந்தால் ஒதுங்கி அவரை முன்னே விட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாக் கார்களின் மீது பொறுமை இழந்திருக்கிறார்கள். ஒரு கையசைப்பு வேலை செய்யும்.

மே மாதம் வாருங்கள். பகல் நீளமாக இருக்கும், பனி போயிருக்கும், 'மிட்ஜ்' என்னும் கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சியும் முழுப் பலத்தோடு கிளம்பியிருக்காது. யூலையில் கூரையைத் திறந்துகொண்டு ஏரிக்கரையில் நிறுத்தினால், அட்டைக்கடியே மேல் என்று சொல்வீர்கள். குளிர்காலத்தில் வீதியில் உப்புக் கொட்டுவார்கள். நீங்கள் எப்போது வந்தாலும், முந்திய குளிர்காலத்தின் உப்பு காரின் அடியில் ஒட்டியிருக்கும். கப்பலேற்றுவதற்கு முன் அடிப்பகுதியை அழுத்த நீரால் நன்றாகக் கழுவிக் காயவிட்டே அனுப்புங்கள்.

ஒரு யோசனையும் உண்டு. இரண்டு வயதுக் கார் எதற்கு? நாட்டை விட்டு ஆறு மாதங்களுக்குக் குறையாமல் வெளியேறுபவர்கள், புதிய காரை 20 சதவீத வற் வரி இல்லாமல் வாங்கி, குறித்த கால எல்லைக்குள் தாங்களே ஓட்டிவிட்டு வெளியே கொண்டுபோக இங்கே 'தனிப்பட்ட ஏற்றுமதித் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. புதிய 1.5 லீற்றர் காரின் விலை வரியோடு 28,000 பவுண் என்றால், வரி இல்லாமல் 23,300 அளவில் வரும். நீங்கள் பழைய காருக்கு ஒதுக்கிய தொகைக்குப் பக்கத்தில் புதிய கார்! கம்பளை அண்ணன் சொன்ன வயதுச் சிக்கலும் பறந்துவிடும். இத்திட்டத்தில் விற்கும்படி விற்பனையாளரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தேடி, கேட்டு, சம்மதிக்கும் ஒருவரைப் பிடிக்க வேண்டும். காலம் கடந்தும் கார் நாட்டிலேயே இருந்தால் வரி முழுவதையும் கட்ட நேரிடும்.

அப்புத்தளைக் காற்று:

இவ்வளவையும் வாசித்த பிறகு, யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். காரை அங்கே வாங்குங்கள், ஸ்கொட்லாந்து முழுவதும் ஓட்டுங்கள், பிறகு அங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் வாருங்கள். சில ஆயிரம் பவுண் நட்டத்தோடு ஆசை தீர்ந்துவிடும். மிச்சமாகும் 2 கோடியில் தலவாக்கலையில் வீட்டைக் கட்டலாம், ஒரு தொழிலையும் தொடங்கலாம். மலையில் ஓட்டியே ஆகவேண்டும் என்றால், இறக்குமதி வயதெல்லை இங்கே ஏற்கனவே பதிவான கார்களுக்குக் கிடையாது. 1990களில் வந்த இரட்டை இருக்கைக் கார்கள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. ஹட்டன் கராஜ் ஐயாவுக்கும் வேலை கிடைக்கும்.

ஹட்டன் கராஜ்:

அந்தக் காலத்துக் கார்களை வாங்கச் சொல்லி என்னை வாழவைக்கப் பார்க்கும் தங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. தரைத்தகட்டின் துருவைப் பார்க்காமல் யாரும் அவற்றை வாங்க வேண்டாம். மேலே வர்ணம் பளபளக்கும், உள்ளே கை நுழையும்.

தலவாக்கலையான்:

அக்காவின் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பல்மோரல் தோட்டத்தில் பிறந்தவள் என்பதால், இத்திட்டத்தில் இதுவரை இல்லாத அக்கறை இப்போது அவளுக்கு வந்திருக்கிறது. புதிய 1.5 லீற்றரை ஏற்றுமதித் திட்டத்தில் விற்க உடன்படும் விற்பனையாளரைத் தேடத் தொடங்குகிறேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கும் கடிதம் எழுதுகிறேன். நாணயக் கடிதச் சிக்கலுக்கு வழியில்லை என்று பதில் வந்தால், அப்புத்தளை நண்பர் சொன்னபடி அங்கேயே விற்றுவிட்டு, பண்டாரவளை நண்பரின் வழியில் ஜப்பானில் இருந்து இறக்குவதைப் பற்றி யோசிப்பேன். கம்பளை அண்ணனிடம் கடைசியாக ஒரு கேள்வி: கொள்கலனா, காரை ஓட்டி ஏற்றும் ரோரோ கப்பலா? மேலதிகச் சக்கரத்தையும் உதிரிப்பாகங்களையும் காருக்குள்ளேயே வைத்து அனுப்பலாமா?

கம்பளை கிளியரிங்:

ரோரோ கப்பல் கூலி குறைவு. ஜப்பான் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான் அம்பாந்தோட்டைக்கு வருகின்றன. ஆனால் அதில் காருக்குள் எதுவும் வைக்கக் கூடாது, திறப்பையும் கப்பல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், தாங்கியில் எரிபொருள் கொஞ்சமாகவே இருக்க வேண்டும். துணிக்கூரைக் கார் என்பதால் நான் உங்களுக்குக் கொள்கலனையே சொல்வேன். காரின் நீளம் நாலு மீற்றருக்கும் குறைவு. இருபது அடிக் கொள்கலனில் தாராளமாக நிற்கும். சக்கரத்தையும் பாகங்களையும் அதிலேயே அனுப்பலாம், ஆனால் ஒவ்வொன்றையும் பொருட்பட்டியலில் தனித்தனியாக விலையோடு எழுத வேண்டும், அவற்றுக்கு வேறாக வரியும் உண்டு. பட்டியலில் இல்லாத ஒரு பிரேக் பலகை கண்ணில் பட்டால் கொள்கலன் முழுவதும் பரிசோதனைக்குப் போகும், அதற்கிடையில் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

பிரித்தானியப் பதிவுப் புத்தகத்தில் நிரந்தர ஏற்றுமதிப் பகுதியை நிரப்பி அங்குள்ள அதிகாரசபைக்கு அனுப்பிவிட்டு, மிகுதிப் புத்தகத்தை உங்களோடு எடுத்து வாருங்கள். இங்கே மூலப்பிரதி கேட்பார்கள். வீதி வரியில் மிஞ்சிய முழு மாதங்களுக்கான பணம் திரும்பக் கிடைக்கும். அங்குள்ள காப்புறுதி கடற்பயணத்துக்குச் செல்லாது, கடல் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். பாவித்த காருக்குக் கப்பலேற்றும் முன் பரிசோதனைச் சான்றிதழ் தேவைப்படும். சில வாரங்கள் ஓட்டிய புதிய கார் எந்த வகையில் அடங்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். கார் வந்து இறங்கியதும் 90 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும், அதற்கு உங்கள் வரி அடையாள இலக்கம் வேண்டும். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர் என்பதால் அது உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன். இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். திணைக்களத்தின் பதில் வந்ததும் இங்கே பதிவிடுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.